ஏழாவது இதழ்

ஹார்லெமில் அந்த மே மாதம்
ஒரு துலிப்புக்குக் காவலிருப்பது என் வேலை.
எஜமான் ஃபோப்பெ அதைத் தொட்டியோடு
மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார்.
ஓவியர் மக்தெல்டின் அறை மூலையில்
முக்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அவள் வரைந்த ஜாடி அங்கே இல்லை.
ஏப்ரல் நார்சிசஸ் பலகையில் எப்போதோ காய்ந்துவிட்டது.
ஜூலை ரோஜாவுக்கு
ஒரு பழுப்புப் பள்ளம் விட்டுவைத்திருந்தாள்.

டர்பென்டைன் நெடி.
தும்மினேன்.
உதிர்ந்தது ஓர் இதழ்,
வெள்ளையில் சிவப்புக் கீறலோடு.
என் ஓராண்டுக் கூலி
மேசைமேல் லேசாக ஆடி நின்றது.

மக்தெல்ட் நிமிர்ந்து பார்த்தாள்.
தூரிகையைப் பல்லில் கடித்தபடி
பலகையைக் கொஞ்சம் சாய்த்தாள்.
கீழே, பளிங்கு விளிம்பில்,
விழுந்ததை விழுந்தபடி வரைந்தாள்.
மேலே பூ நேற்றே முடிந்திருந்தது;
அதைத் தொடவில்லை.

மாலையில் எஜமானிடம்
"என் முழங்கை பட்டுவிட்டது" என்றாள்.
மூன்று கில்டர் அபராதம்.

நவம்பரில் அவரே படத்தை வாங்கினார்.
ஈயை விரட்டப் பார்த்தார், சிரித்தார்,
உதிர்ந்த இதழைக் காட்டி
"நிலையாமை" என்று விருந்தாளிகளிடம் பெருமூச்சு விட்டார்.
கிழங்குகளை இருட்டில்கூட எண்ணத் தெரிந்தவர்
இதழ்களை எண்ணவில்லை.

அந்தக் கூடத்தைத் துடைக்கிறவள் நான்தான்.
மேலே ஆறு. கீழே ஒன்று.
படத்தருகே போகும்போது
இன்றும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன்.