நாற்பத்தோரு காலடி

உலான்பத்தாரில் கூரியர்க்காரன் நான்.
நரன்தூல் சந்தையில் பழைய சரக்குப் பெட்டகங்கள்தாம் கடைகள்.
எட்டாம் வரிசையில் சுகர்மா குளிர்கோட்டு தைக்கிறாள்.
ஒன்பதாம் வரிசையில் தவாகூ ஜிப் விற்கிறான்.
இடையில் ஒரு சந்து.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்:
அவன் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு
நாற்பத்தோரு காலடி.

முகநூலில் அவள் ‘அல்தன் ஊசி நிறுவனம்.’
முகப்பில் ஒரு பனிமலை,
மலைக்கு முன்னால் அவள் தைத்த கோட்டுக்குள்
அவளுடைய நாத்தனார் தொலைதூரம் பார்க்கிறாள்.
அவன் ‘வடகாற்று வணிகக் குழுமம்.’
இருபது மாடிக் கண்ணாடிக் கட்டடம்,
யாருடையதென்று அவனுக்கே தெரியாது.
குழுமம் என்பது அவனும் ஒரு கால்குலேட்டரும்.

முதல் லைக் அவள் போட்டது.
பதிலுக்கு அவளுடைய பதினோரு படங்களுக்குப் போட்டான்,
நள்ளிரவில், ஒன்றுவிடாமல்,
கடன்காரன் வட்டியோடு தீர்ப்பதுபோல.
பிறகு ‘மதிப்புக்குரிய நிறுவனத்தாருக்கு’ என்று தொடங்கி
நூறு பித்தளை ஜிப்.
பிறகு ஐந்து நட்சத்திரம்.
பிறகு வெள்ளை மாதப் பண்டிகைக்கு வாழ்த்து.
அதில் தங்கள் ஊழியர்கள் அனைவரும் நலம்பெறுக என்றிருந்தது.
ஊழியர்கள் அனைவரும் அன்று
தலைவலியோடு சுருண்டு படுத்திருந்தாள்.

அவள் புகழ்ந்து எழுதியதைப் படித்து
தர்கானிலிருந்து இரண்டு பேர் அவனிடம் வாங்கினார்கள்.
அவன் பகிர்ந்த படத்தைப் பார்த்து
எர்தெனெத்தில் ஒரு பள்ளிக்கூடம்
அறுபது கோட்டு கேட்டது.

சந்தில் கதை வேறு.
அவன் அடுப்புக் குழாய் அவள் பக்கம் பார்த்துப் புகை விடும்.
வெள்ளைக் கோட்டில் கரி படியும்.
“ஏய், புகைக்காரா!” என்று கத்துவாள்.
அவன் இரும்புக் கதவை அறைந்து சாத்துவான்.
சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து
அல்தன் ஊசியின் புதுப் படத்துக்கு
இதயம் வைப்பான்.

நான் சொல்லியிருக்கலாம்.
நடைக்கு மூவாயிரம் துக்ரிக்.
பொட்டலத்தை வாங்கியதும் சந்தைக்கு வெளியே போய்
உப்புப் பால் தேநீர் இரண்டு கிண்ணம் குடித்து
ஒரு வட்டம் அடித்து
மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கதவைத் தட்டுவேன்.
“பாவம், எவ்வளவு தூரம்!” என்பாள்.
தூரம்தான் அக்கா, என்பேன்.
அதில் பொய் எதுவும் இல்லை.

சனவரி. மைனஸ் முப்பத்து நாலு.
குளிரில் அவள் போன் செத்துப்போனது.
பள்ளிக்கூடத்து லாரி மாலையில்.
அறுபது கோட்டும் வாய் திறந்து தொங்குகின்றன.
கோபத்தை முழுங்கிக்கொண்டு
புகைக்காரனிடமே வந்து நின்றாள்.
அறுபது ஜிப், இரண்டு மடங்கு விலை.
நான் அடுப்போரம் கை காய்ச்சிக்கொண்டிருந்தவன்
பொத்தான் மூட்டைக்குப் பின்னால் குனிந்து
அவிழாத ஷூ நாடாவைக் கட்டினேன்.

“இருக்கிற அறுபதும் ஒரு பெரிய கம்பெனிக்கு” என்றான்.
“பத்து மடங்கு கொடுத்தாலும் தரமாட்டேன்.
உன்னைப்போல் வாசலில் நின்று கத்துகிறவர்கள் இல்லை அவர்கள்.
மரியாதைப்பட்டவர்கள்.”

அவள் போனாள்.
அவன் பொட்டலத்தை என் கையில் வைத்து
“பத்திரம்” என்றான்.
அன்றைக்குத் தேநீர் குடிக்கவில்லை.
நேரே நடந்தேன்.
அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது,
சந்து முழுக்க யாரும் தொடாத பனி.

சுகர்மா பொட்டலத்தை வாங்கினாள்.
என் தோளைத் தாண்டிப் பார்த்தாள்.
வெள்ளையில் ஒரே ஒரு தடம்
அவள் வாசலில் முடிந்தது.
அது எங்கே தொடங்குகிறதென்று
கண்ணாலேயே திரும்பி நடந்து போனாள்.

ஒன்றும் சொல்லவில்லை.
சிரித்தாளா என்றால், துணி கட்டிய வாய், தெரியாது.

மறுவாரம் ஒன்பதாம் வரிசையில்
குழாய்க்குப் புதிதாக ஒரு முழங்கை;
புகை வானத்தைப் பார்த்துப் போனது.
யார் யாரிடம் போய்ப் பேசினார்களோ.
இனி என் மூவாயிரம் போச்சு என்று நினைத்திருந்தபோது
ஆர்டர் வந்தது, அதே பக்கத்தின் வழியாக:
மதிப்புக்குரிய நிறுவனத்தாருக்கு,
நூற்றிருபது ஜிப், பித்தளை.
கீழே, கூரியருக்கான குறிப்பில்:
தேநீர் குடித்துவிட்டே வரட்டும்,
அவசரமில்லை.