இரண்டாம் தோண்டல்

இந்த ஊரில் செம்பைத் தோண்டி எடுப்பது
இது இரண்டாவது தடவை.

முதல் தடவை எடுத்தவர்கள்
கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.
பச்சை பூத்த கல்லைத் தேடி இறங்கினார்கள்.
சுரங்கம் தூர்ந்து நூறு வருஷம்.
கசடு மேடு மட்டும்
வளைகுடாவைப் பார்த்தபடி கறுத்து நிற்கிறது.

இந்தத் தடவை நானும் ஃபெலெட்டியும்.
ஒரு வெள்ளை வேன்.
தலைமுடி கனத்தில் கண்ணாடி நார், சுருள் சுருளாக.

உருவ உருவ
செத்த பாம்பின் விறைப்போடு வருகிறது பழைய கம்பி.
இணைப்புக்கு இணைப்பு ரொட்டிப் பை சுற்றியிருக்கிறது.
மழைக்குப் பயந்து
எனக்கு முன்னே எவனோ கட்டியது.
அச்சடித்த தேதி அழியவில்லை:
இருபத்தேழு வருஷத்துக்கு முன்பே
கெட்டுப்போன ரொட்டி.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகிறது
என்று எங்கள் கான்ட்ராக்டர் சொல்வதில்லை.
அமைச்சர் சொல்கிறார்,
ஒவ்வொரு பேட்டிக்கும் ஒரு தொகை.
நார் மலிவு. பள்ளம்தான் விலை.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்;
இங்கோ அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை,
மீட்டருக்கு ஒரு காலைப்பொழுது.

போன தடவை மிச்சம் பிடித்தார்கள்.
பாதி வழிக்கு நார்,
மீதிக்குப் பழைய செம்பே போதும் என்று.
அந்த மிச்சம்தான் தெருமுனையில்
பச்சைப் பெட்டியாக நிற்கிறது.
அதைக் கழற்றவும் எனக்குத்தான் கூலி.
மிச்சக் கணக்கில்
என் கூலியை எங்கே எழுதியிருக்கிறார்கள்?

பதினாறாம் எண்ணில்
மெரியல் ட்ரெலோர் கதவை முழுதாகத் திறக்கவில்லை.
தீயணைப்புத் தொண்டர் படையின் கேப்டன்.
முழங்கையில் பழைய தழும்பு.
"காற்று திரும்பிய அன்று
மூன்று நாள் கரண்ட் இல்லை.
செல்போன் கோபுரம் நாலு மணி நேரத்தில் செத்தது.
என் சமையலறை போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.
செம்பு
தன் தெம்பைத் தானே சுமந்து வந்தது.
பச்சைப் பெட்டி வைத்தீர்கள், அது போச்சு.
இப்போது வெளிச்சம் கொண்டு வந்திருக்கிறாய்.
இருட்டில் அது பேசுமா?"

பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.
"யார் காசில்?" என்றாள்.

இருபத்திரண்டில் ஜோரி பென்பெர்த்தி,
படகு எஞ்சின் மெக்கானிக்.
காது கேட்காது. கையால் பேசுவார்.
ஹோபார்ட்டில் இருக்கும் தங்கை திரையில் வருவாள்,
துல்லியமாக.
இவர் போவதுதான் தகராறு:
வரும் வழி நெடுஞ்சாலை,
போகும் வழி முட்டுச்சந்து.

நடந்ததைத் தன் போனில் தட்டிக் காட்டினார்.
அப்பாவின் படகை விற்பதா என்று பேச்சு.
'விற்பது' என்ற கைகளை அவள் பார்த்தாள்.
கூடவே ஆட்டிய தலை
அந்த நொடியில் கட்டம் கட்டமாக உறைந்துவிட்டது.
வேண்டாம் என்பது தலையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை படகு போய்விட்டது.

படகு எவ்வளவு பெறும் என்று
ஃபெலெட்டி சைகையில் கேட்டான்.
ஜோரி விரல்களால் ஒரு தொகை காட்டினார்,
உடனே கையை வீசி அழித்தார்.

மூன்றரை மணிக்கு மீட்டரில் ஒளி வந்தது.
தங்கை வந்தாள்.
இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.
அப்படியொரு சண்டை!
ஒரு விரல்கூடத் தேங்கவில்லை.
எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை,
ஆனால் நாங்கள்
டீ ஆறும்வரை வாசலில் நின்று பார்த்தோம்.

லாபமா நஷ்டமா என்று
பப்பில் கேட்கிறார்கள்,
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு சத்தமாக.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடத்தான் வேண்டும்.
எந்தப் படியால் அளப்பது?
என்னிடம் இருப்பது ஒளியை அளக்கும் மீட்டர்.

மாலையில் கம்பியை எடைபோட்டு ஏற்றினோம்.
படிவத்தில் பதினாறாம் எண்ணுக்கு நேரே
'மறுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.
'கேள்வி' என்று இல்லை.

அவள் வீட்டுக்குப் போகும் கிளையை மட்டும்
மண்ணிலேயே விட்டுவிட்டேன்.
மறுமுனை எதிலும் சேரவில்லை.
தெரியும்.
நுனியில்
என் மதியச் சாப்பாட்டுப் பையைச் சுற்றிக் கட்டினேன்.