வெள்ளை என்றால் காடு

இந்த வரைபடத்தில்
வெள்ளை என்றால் காடு. ஓடலாம்.
இளம்பச்சை என்றால் மெதுவாக.
கரும்பச்சை என்றால் நுழையாதே.
நுழைந்தவள் சொல்கிறேன்.

முதல் தடவை தொண்ணூற்றாறில்,
மன்னவனூரில் என்.சி.சி. முகாம்.
வத்தலக்குண்டு தாண்டியதும் வாந்தி,
பெருமாள்மலையில் இன்னொன்று.
இறங்கியதும் கையில்
ஒரு திசைகாட்டியைத் தந்து
எஸ்தர் ஜெபக்கனியோடு ஜோடி சேர்த்தார்கள்.
சிவப்பு முனை வடக்கு. அவ்வளவுதான் பாடம்.

சிவப்பு முனை எஸ்தரைக் காட்டியது.
அவள் வலப்பக்கம் வந்தால் வடக்கு வலப்பக்கம்,
இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம்.
ஒட்டி ஒட்டி நடந்த ஒரு மணி நேரம்
எங்கள் வடக்கு
அவள் தோள்பையில் இருந்தது:
கிரிக்கெட் கேட்க ஒளித்துவைத்த டிரான்சிஸ்டர்,
அதன் ஸ்பீக்கரில் உள்ளங்கையளவு காந்தம்.

பைன் மரங்கள் முடிந்து செம்மறியாடுகள் வந்தன.
செம்மறியாடுகள் வரைபடத்தில் இல்லை.
எஸ்தர் உட்கார்ந்து ஸ்கோர் கேட்டாள்.

திரும்பியபோது மேசையை மடித்திருந்தார்கள்.
என் அட்டையில் எட்டுக் கட்டம்,
இரண்டில் மட்டும் துளை.
ஒவ்வொரு கொடியிலும் ஒரு துளைக்கருவி தொங்கும்,
ஒவ்வொன்றுக்கும் முள் வரிசை வேறு.
அம்மை குத்திய தழும்பு மாதிரி
விரலால் தடவினால் தெரியும்,
அங்கே நின்றாய் என்று.
'முடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்த அட்டையை
பஸ் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தேன்.

பிறகு கூட்டுறவு வங்கி வேலை,
ஞாயிற்றுக்கிழமைகளில் இது.
வெலிங்டனில் ஒருமுறை மூன்றாம் இடம்.
ஓடிய பெண்கள் நான்கு பேர்.
பழுப்புக் கோடுகள் நெருங்கினால் மூச்சு வாங்கும்,
விலகினால் பேச்சு வரும்.
அட்டைகள் ரத்தம் குடித்து உதிர்ந்த பிறகுதான்
அரிக்கத் தொடங்கும்.
கணவர் டீக்கடைக்கு டீக்கடை வழி கேட்டே
காசி வரை போய் வந்தவர்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்.
வாயை மூடிக்கொண்டு தொலைகிற விளையாட்டுக்கு
ஷூ வேறு வாங்கித் தந்தார், இரண்டு முறை.

முழங்கால் போனதும்
ஓடுகிறவர்களுக்குக் கொடி வைக்கிற வேலைக்கு மாறினேன்.
பூம்பாறைக்கு மேலே, சீகை மரக்காட்டில்,
பத்தொன்பது கொடிகள்.
விடியுமுன் வைத்து
அந்திக்குள் எடுக்க வேண்டும்.
நாற்பத்தேழாம் எண்ணை
ஓடைத் தலையில், பாறைக்கு மேற்கே வைத்தேன்.
அந்தியில் பாறை இருந்தது,
மேற்கு இருந்தது,
மேற்கில் ஒரு காட்டுமாடு நின்று
என்னைப் பார்த்தது.
பதினெட்டோடு இறங்கினேன்.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
ஒன்று, காட்டுமாடு.

இரண்டு வருடம் கழித்து
வரைபடத்தைத் திருத்தப் போனபோது
வேலப்பனின் பூண்டுத் தோட்டத்தில்,
மூன்றாவது படிக்கட்டு வயலில்,
சட்டை போட்ட கம்புக்குத் தலையாக
ஆரஞ்சும் வெள்ளையும்.

"பன்னி இதத் தாண்டி வர்றதில்லக்கா,
கலரு புடிக்கல போல.
ஒங்களுதா?"

துளைக்கருவி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது,
லேசாகத் துரு.
என் பையில் வரைபடத்தைத் தவிர
காகிதம் ஏதும் இல்லை.
பத்து ரூபாய் நோட்டை எடுத்து
ஓரத்தில் வைத்து அழுத்தினேன்.
ஏழு முள், நடுவில் ஒன்று விட்டு.

"இல்லப்பா, ஒன்னுதுதான்" என்றேன்.
ஒரு கட்டுப் பூண்டு கொடுத்தான்.

சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர்
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"ஓட்டை ஓட்டையா இருக்கேம்மா,
வேற குடுங்க."

வேறு கொடுத்தேன்.