மாதம் என்ற கட்டம்

அல் ஐன் மருந்துக்கடையில்
செட்டிரிசின் அட்டைகள் மார்ச்சில்தான் தீரும்.
இந்த வருடம்
பொங்கல் கழிந்த வாரமே அலமாரி காலி.

சவரிமுத்து வருகிறார்.
வெறுங்கண்ணால் வெல்டிங் பார்த்தவரைப் போலக் கண்கள்.
ஆண் பாளையின் மாவை எடுத்து
பெண் பாளைக்குள் தட்டிவிடும் வேலை.
நாளுக்கு முப்பது பேரீச்சை,
முப்பது முறை ஏற்றம்.

"இருபது நாள் முந்தியே வெடிச்சிருச்சு மேடம்.
கம்பெனியில மாஸ்க் குடுக்கிறது பிப்ரவரி பதினஞ்சு.
அதை மரத்துக்கு யாரு சொல்றது?"
சிரிக்கப் போனவர்
நான்கு தடவை தும்மினார்.

குளிர் இந்த முறை
பாஸ்போர்ட் முத்திரை குத்தும் நேரம்தான் நின்றது.
நவம்பரில் கேட்காமல் பெய்த மழைக்கு
ரவுண்டானாவின் சீமைக்கருவேலம்
மறுபடி பூத்துத் தொங்குகிறது.
பள்ளிப் பேருந்து ஓட்டும் குல் ஜமான்
கண்ணாடியை இறக்குவதே இல்லை.

கடைசி அட்டையைச் சவரிமுத்துவிடம் தந்தேன்.
அவர் நீட்டிய பத்து திர்ஹாமின் மடிப்பில்
வெள்ளையாக மாவு.
கல்லாவில் போட்டுவிட்டு
கொள்முதல் படிவத்தை எடுத்தேன்.
'எந்த மாதத்திற்கு' என்று ஒரு கட்டம்.
பேனாவை வைத்தேன்,
மூக்கு அரித்தது.