பாதி வலை

ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு செங்கல் சூளை.
புகைபோக்கி தமிழ்நாட்டில் நிற்கிறது,
குடிசைகள் ஆந்திராவில்.
நடுவில் ஒரு வாய்க்கால்,
அதன்மேல் ஒரு பலகை.

பதினொரு வருடமாக விரல் குத்துகிறேன்.
இடதுகை மோதிரவிரல்,
கைக்குழந்தை என்றால் கால் கட்டைவிரல்.
அழுகிற அழுகையில் வயதைச் சொல்லிவிடுவேன்.

பெஞ்சலம்மாவின் மகள் அழவில்லை.
அங்கம்மா, ஒன்றரை வயது.
சூளையில் இருந்து அப்போதுதான் எடுத்த கல்போல
தலை என் தோளில் கிடந்தது.
மத்தியானம் நடுங்குவாளாம், சாயங்காலம் கொதிப்பாளாம்,
ராத்திரி வேர்த்துவிட்டு
மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி விளையாடுவாளாம்.
அதற்கு மறுநாள் மறுபடியும்.
அவள் தெலுங்கில் சொன்னதை எல்லாம்
நான் ஒரே சொல்லாக எழுதினேன்:
முறைக்காய்ச்சல்.

சூளையில் எல்லாமே முறைதான்.
தண்ணீர் லாரி, கரண்டு, கூலி.
முறை தவறாமல் வருவது
இது ஒன்றுதான்.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, ஒரு தீற்றல்.
ஆய்வகத்தில் ஜெபமணி
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"மோதிரம் இருக்குக்கா" என்றான்.
ரத்த அணுவுக்குள் அது மோதிரம் மாதிரிதான் இருக்கும்.
அந்தக் குடிசையில் வேறு மோதிரம்
நான் பார்த்ததில்லை.

மாத்திரை பதினான்கு நாள், என் கையால்,
வெல்லத்தில் நசுக்கி.
வலை ஒன்று. நீலம்.
பதிவேட்டில் 'உறங்கும் இடம்' என்றொரு கட்டம்.
ஆந்திரா என்று எழுதினால் வலை கிடையாது.
சூளை என்று எழுதினேன்.
பொய்யில்லை. பகலில் பிள்ளை
பச்சைக்கல் அடுக்கின் நிழலில்தானே தூங்குகிறது,
மண்ணெடுத்த குழிக்குப் பக்கத்தில்,
புழு நெளியும் தண்ணீருக்குப் பக்கத்தில்.

ஒருநாள் நிழலில் உலர்த்துங்கள்,
ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள்,
துவைத்த தண்ணீரை ஆற்றில் கொட்டாதீர்கள்,
மீன் செத்துவிடும் என்றேன்.
"மீனா?" என்று தலை நிமிர்ந்தான் புருஷன் பொல்லய்யா.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் ராத்திரி மழை.
அறுத்து வைத்த கல்லெல்லாம் மறுபடி மண்.
விடிந்து போனால் குடிசை இருந்த இடத்தில்
நான்கு குழிகள், அதிலும் தண்ணீர்.
என் பையில் ஐந்து நாள் மாத்திரை.

மேஸ்திரி கையை வீசிக் கிழக்கே காட்டினார்.
"தடா பக்கம். ஏரிக்கரை."
இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ.
போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் ஆகிவிட்டது.

இடுப்பளவு தண்ணீரில் பொல்லய்யா.
அவன் கையில் நீலம். என் நீலம்.
கரையில் நின்று கத்தினேன்.
பதினொரு வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை.
"அது மருந்து போட்ட வலைடா!
அந்த மீனையா பிள்ளைக்குக் கொடுக்கிறே?"
"மேம் தின்னம், அம்மா," என்றான் நிதானமாக.
பிறகு எனக்காகத் தமிழில்:
"விக்கிறதுக்குத்தான்."

பெஞ்சலம்மா ஒன்றும் பேசவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

மூங்கிலில் இருந்து தொங்கியது மீதிப் பாதி.
வெட்டிய ஓரம் தூண்டில் நரம்பால் தைத்து,
நான்கு மூலையிலும் உடைந்த செங்கல் வைத்து,
ஒரு பிள்ளைக்கு மட்டும் அளவாக.
உள்ளே உட்கார்ந்து அங்கம்மா
ஒரு நண்டுக் காலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
என் பையைப் பார்த்ததும்
வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.
கசப்பு ஞாபகம் இருக்கிறது.
ஒரு செங்கல்லில் கரிக்கோடுகள். எண்ணினேன்,
ஒன்பது.
தள்ளி, இரண்டு சுழி.

மிச்சத்தை அவளிடமே கொடுத்தேன்.
தடா சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதினேன், தமிழில்,
அப்புறம் கிழித்துவிட்டு
ஆட்டோக்காரரைத் தெலுங்கில் எழுதச் சொன்னேன்.

வலை பயன்பாட்டில் உள்ளதா? ஆம். இல்லை.
இரண்டு கட்டம்தான்.
பேனாவை வைத்துக்கொண்டு சூளூர்ப்பேட்டை வரை வந்துவிட்டேன்.

பஸ்ஸில் விளக்கு அணைந்ததும்
கணுக்காலில் சுருக்கென்றது.
அடித்தேன்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம்,
யாருடையதோ.