தரம் பத்து, வரலாறு: வகுப்பு விதிகள்

பிரிஸ்டல் போர்ட் இரண்டு, நீல மார்க்கர் ஒன்று.
பற்றுச்சீட்டை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்,
காசு வரும் என்கிறார்கள்.

மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் வகுப்பில் இருக்கவேண்டும்.
பாதை பிந்தினால் காரணம் கேட்கமாட்டேன்.
குருமண்வெளித் துறையில் நானும் நின்றிருக்கிறேன்:
இரும்புத் தட்டில் ஏழு மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி,
தயிர்ச்சட்டி அடுக்கு, ஓரமாய் வெள்ளைச் சட்டைகள்.
பாதையே அக்கரையில் நிற்கும்போது
யார்தான் நடக்கிறது?

கொப்பியில் இடப்பக்கம் இரண்டு விரல் ஓரம் விடுக.
அது என் இடம்.
அங்கே பூ வரையக் கூடாது.

பிழைக்கு வெள்ளை மை பூசக் கூடாது.
ஒரே ஒரு கோடு.
வெட்டியதும் வாசிக்கத் தெரியவேண்டும்.
"வெள்ளை அடிச்சா வடிவா இருக்குமே டீச்சர்"
என்றான் டிலுக்சன்.
வடிவாய்த்தான் இருக்கும் என்றேன்.
அடுத்த விதிக்குப் போனேன்.

ஒவ்வொரு விடைக்கும் மூலாதாரம் காட்டுக.
கல்வெட்டு, நாணயம், செப்பேடு, கடலோடியின் குறிப்பு.
'அம்மா சொன்னா' என்பதற்கு அரைப் புள்ளி.
முக்கால் என்றுதான் முதலில் எழுதினேன்.
போர்டில் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்.

விடைத்தாளில் பேச்சுவழக்கு ஆகாது.
'மறுகா' என்று எந்த வசனமும் தொடங்கக் கூடாது.
'பின்னர்' என்க. 'அதனைத் தொடர்ந்து'. 'இதன் விளைவாக'.
பின்வாங்கில் சிரித்தார்கள்.
நான் வவுனியாக்காரி. முதல் நியமனம் மண்டூர்.
அந்தச் சொல்லை இங்கு வந்த பஸ்ஸில்தான் முதன்முதல் கேட்டேன்;
ஒருத்தி எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள்,
பக்கத்தில் இருந்தவள் களுவாஞ்சிக்குடி வரைக்கும்
அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் கிழமை ஒப்படை:
உங்களைவிட வயது கூடிய ஒரு பொருள், வீட்டிலிருந்து.
அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை. பத்து வரி.
பிந்தினால் நாளுக்கு இரண்டு புள்ளி குறையும்.

கூப்பன் அட்டை வந்தது. நெல் ஆலைத் துண்டு வந்தது.
சுனாமிக்குத் தந்த வாளியின் மூடி,
தந்தவர் பெயர் பாதி தேய்ந்து.
துவாரகேஷ் ஒரு தேங்காயை மேசையில் வைத்து
மரம் தன்னைவிட மூத்தது என்று வாதாடினான்.
பத்துக்கு எட்டுப் போட்டேன்.

லக்சாயினி கொண்டுவந்தது பரீட்சை அனுமதி அட்டை.
தொண்ணூறாம் ஆண்டு, மார்கழி.
சுட்டெண் தெளிவு. முத்திரை இந்தப் பள்ளிக்கூடத்து முத்திரை.
பாட வரிசையில் ஐந்தாவது, சமூகக் கல்வியும் வரலாறும்.
அவள் எழுதியது நாலு வரி:

மாமா இந்தக் காட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார்.
மறுகா பேனை வாங்கவென்று சைக்கிளில் துறைக்குப் போனார்.
மறுகா பாதை இல்லை.
மறுகா

அதற்குக் கீழே ஆறு வரி வெறுமை.
முற்றுப்புள்ளியும் இல்லை.

சிவப்புப் பேனையை எடுத்தேன்.
'பின்னர்' போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.
'இதன் விளைவாக' எழுதக் கை வரவில்லை.
பின்னர் என்று சொல்கிறவனுக்கு மிச்சம் தெரியும்.
மறுகா, சொல்கிறவளும் சொல்லலாம்,
கேட்கிறவளும் சொல்லலாம்.

ஓரத்தில், என் இடத்தில்,
'மறுகா?' என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.
புள்ளி போடவில்லை.

இது மாசி. கொப்பி இன்னும் வரவில்லை.
நாளுக்கு இரண்டு என்ற விதி சுவரில் அப்படியே இருக்கிறது.
அவள் நேரத்துக்கு வருகிறாள், முன்வாங்கில் இருக்கிறாள்,
ஆண்டுகளைப் பிழையில்லாமல் சொல்கிறாள்.
நான் நாட்களைக் கணக்கெடுப்பதில்லை.