விரலுக்குக் கேட்ட சத்தம்

மூன்று தையல்.
வடிவான தையல்தான், குறை சொல்ல ஏலாது.
உள்ளே வயல் அப்படியே கிடந்தது:
சேறு, ஒரு வைக்கோல் துணுக்கு,
எருமை படுத்த இடத்துத் தண்ணீர்.

முந்தாநாள் லான்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லு
தவராசசிங்கத்தின் வலது கெண்டைக்காலைக் கிழித்தது.
இன்று மல்லாவி ஆஸ்பத்திரி, ஏழாம் கட்டில்.
தொடமுதலே கத்துகிறார்.
காயம் தீப்பெட்டி அளவு.
நோ தொடைவரைக்கும்.
இந்தக் கணக்குப் பிழைக்கிற இடத்தில்தான்
நான் முதலில் பயப்படுவேன்.

காய்ச்சல் பெரிதில்லை. நாடி நூற்றி முப்பது.
தோல் வெளிறி, பிறகு
விளக்காத செம்புக் குடத்தின் நிறம்.
தையலிடுக்கால் கசிந்த தண்ணீரில்
அழுகின பழத்தின் இனிப்பு.
எட்டாம் கட்டில்காரர் எழும்பி வெளியே போனார்.

கட்டைவிரலை வைத்து மெல்ல அமத்தினேன்.
நொறு நொறு.
தோலுக்குக் கீழே யாரோ
ரொபித் தாள் கசக்குவதுபோல.
காதுக்கு இல்லை, விரலுக்கு மட்டும் கேட்கிற சத்தம்.
பதினாறு வருடத்துக்கு முன், ஒரு தறப்பாளுக்குள்,
இதே விரல் இதைக் கேட்டிருக்கிறது.
அப்போது பெனிசிலின் முடிந்திருந்தது.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

தையலை வெட்டினேன்.
குமிழி குமிழியாய் வந்தது.
டொக்டர் துஷாயினி எக்ஸ்றேயை லைற்றுக்குப் பிடித்தார்:
தசை வழியே கறுப்புக் கீற்றுகள்,
கொக்கின் இறகைப் பிய்த்துப் போட்டதுபோல.
"கிளிநொச்சிக்கு எடுங்கோ. விடியட்டும் எண்டு வைக்காதேங்கோ.
மணித்தியாலத்துக்கு ஓரங்குலம் ஏறும்."

பெனிசிலின், கிளின்டமைசின், இரண்டு கையிலும் சேலைன்.
வீக்கத்தின் விளிம்பில் பேனையால் ஒரு கோடு,
பக்கத்தில் நேரம்: எட்டு நாற்பது.
மாங்குளச் சந்தியில்
அதற்கு மேலே இரண்டாம் கோடு கீறினேன்.

வைப்பர் வேலை செய்யவில்லை.
டிறைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டினான்.
"தங்கச்சி, லான்ட்மாஸ்டருக்குக் கிளச் கையிலதானே?"
ஓம் என்றேன்.
"அப்ப பிரேக்குக்கு மட்டும்தான் கால்."

தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள்.
அவித்த இறைச்சி நிறத்தில் தசை.
கிள்ளினால் துடிக்கவில்லை,
வெட்டினால் கசியவில்லை.
இன்னும் மேலே. இன்னும்.
இரண்டு கோடும் வாளிக்குள் போயின.
முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே
இடுக்கி பட்டதும் ஒரு நார்
கூசினதுபோல் சுருங்கியது.
பிறகு சிவப்பாய்ச் சொட்டியது.
முகமூடிக்குள் எல்லோரும் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.
இரத்தம் கண்டு சந்தோசப்படுகிற தொழில்.

இந்த முறை ஒருவரும் தைக்கவில்லை.
காயத்தைத் திறந்தே விட்டார்கள்,
காற்றுப் படட்டும் என்று.

நாலாம் நாள் கண் முழித்தவர்
காலை விசாரிக்கவில்லை.
பிரேக்கை இடப்பக்கம் மாற்றித் தர
வெல்டிங்காரன் எவ்வளவு கேட்பான் என்றார்.